ஹுபானின் மூக்கும் ராஜாவின் மதுச்சாடியும்

பாரசீக தேசத்தில் ரஷ்னுதாத் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம் ஒருநாள் ஹுபானின் மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹுபான் அரண்மனை விகடன். வாய் சும்மா இருக்காது. வெளிதேசத்துத் தூதர்களுக்கு விருந்து. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவன், "ஆகா, ஆற்றங்கரை வாசனை அடிக்கிறதே!" என்று சொல்லித் தொலைத்தான். தூதர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

மதுக்கிடங்கு அதிகாரி பகாயனுக்குச் சுருக்கென்றது. நல்ல மதுவை வெளியே தள்ளிவிட்டுச் சாடியில் தண்ணீர் கலப்பது அவன்தானே! "பிரபு, அயல்நாட்டார் முன்னால் தங்கள் மானத்தை வாங்கிவிட்டான்!" என்று தூபம் போட்டான்.

"அறுங்கள் அந்த மூக்கை!" என்றார் ராஜா.

நல்லவேளை, பாரசீகர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மதுமயக்கத்தில் எடுத்த முடிவைத் தெளிந்தபிறகு மறுபடி கேட்க வேண்டும். தெளிவில் எடுத்ததை மயக்கத்தில் கேட்க வேண்டும். இரண்டிலும் பதில் ஒன்றாக இருந்தால்தான் உத்தரவு செல்லும். ஹுபானின் மூக்குக்கு விடியும்வரை ஆயுசு கிடைத்தது.

காலையில் சபை கூடியது. ராஜாவின் முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "இப்போது தெளிவாக இருக்கிறேன். அறுங்கள்!"

ஹுபானின் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"பிரபு, நேற்றும் தெளிவாகத்தானே இருந்தீர்கள்? குடித்தது தண்ணீர் ஆயிற்றே! மயக்கத்தில் சொன்ன உத்தரவு எங்கே?"

"பொய்!" என்று குதித்தான் பகாயன். "என் மது ஒரு சாடி உள்ளே போனால் ஒட்டகமே தள்ளாடும்!"

"அப்படியா? அதோ, அக்கினி எரிகிறது. அதன் முன்னால் நின்று காட்டுங்கள் பகாயரே. நேற்று விருந்தில் வைத்த அதே சாடி இது. இதில் இருப்பதைக் குடியுங்கள். நீங்கள் தள்ளாடினால் என் மூக்கை நானே அறுத்துத் தருகிறேன்" என்று ஒரு சாடியை நீட்டினான் ஹுபான்.

பாரசீகத்தில் பொய்யை விடப் பெரிய பாவம் இல்லை. அதுவும் அங்கே தெய்வமாகக் கும்பிடும் அக்கினி முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். பகாயன் சாடியை வாங்கினான். ஒரு வாய் வைத்தான். அடக் கடவுளே, பச்சைத் தண்ணீர்! சொன்னால் மாட்டிக்கொள்வான். மடமடவென்று குடித்துவைத்தான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கால் பின்னியது. கண் சொருகியது. ஒரு தூணைக் கட்டிக்கொண்டு "மாமா, சௌக்கியமா?" என்று அழுதான்.

"ஹுபான், எடு மூக்கை!" என்றார் ராஜா.

"அதற்கு முன்னால் தாங்களும் ஒரு வாய் பாருங்கள் பிரபு."

மிச்சத்தை வாயில் விட்ட ராஜா துப்பினார். "அட, வெறும் தண்ணீர்!"

"ஆமாம் பிரபு. காலையில் அரண்மனைக் கிணற்றில் நானே மொண்டது. நிறத்துக்குக் கொஞ்சம் மாதுளந்தோல்."

தூணை விட்டுப் பகாயன் நிமிர்ந்தான். மயக்கம் போன இடம் தெரியவில்லை. "இவனும் அக்கினி முன்னால் பொய் சொன்னான் பிரபு!"

"அதே சாடி என்றேன். அதே மது என்றேனா? வாய் வைத்ததுமே 'ஐயோ, தண்ணீர்' என்று நீங்கள் கத்தியிருக்கலாமே! தினமும் ஊற்றுகிற சரக்குதானே என்று நினைத்துவிட்டீர்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கிடங்குச் சாவி பகாயனின் இடுப்பிலிருந்து ஹுபானின் கைக்கு வந்தது. "உன் மூக்கை மன்னித்தேன், போ!"

ஹுபான் நகரவில்லை.

"இன்னும் என்னடா?"

"தெளிவில் மன்னித்துவிட்டீர்கள் பிரபு. வழக்கப்படி மயக்கத்திலும் ஒருதரம் மன்னிக்க வேண்டுமே! இன்றைய விருந்துக்குச் சாடியை இந்த மூக்கே முகர்ந்து எடுக்கட்டும். பகாயர் சரக்கை ஊற்றினால் ஆயுசுக்கும் எனக்கு மன்னிப்புக் கிடைக்காது!"