பப்பாளிக்கு மாலை போட்டவன்

வாருங்கள், உட்காருங்கள். பல் இருப்பவர்கள் பின்னால் உட்காரலாம். பல் இல்லாதவர்கள் முன்னால் வாருங்கள், இது உங்கள் கட்சிக் கதை.

முன்னொரு காலத்தில் முருங்கைநாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், அரண்மனையில் ராஜா தும்மினால் எல்லையில் நிற்கும் காவல்காரன் "தீர்க்காயுசு!" என்பான். அந்த நாட்டை ஆண்டவர் செம்பியராயர். அவருக்குப் படை இருந்தது, யானை இருந்தது, முத்துக் கிரீடம் இருந்தது. வாயில் மட்டும் ஒரு பல்கூட இல்லை.

வெல்லச் சீடை செய்த வேலை அது. "இதைக் கடிக்க ராஜாவால் முடியுமா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் சீடைக்கு மேல்வரிசை போயிற்று. இரண்டாம் சீடைக்குக் கீழ்வரிசை போயிற்று. மூன்றாம் சீடை போன வழியே முழுசாக வெளியே வந்தது.

அன்றிலிருந்து பழம் என்றால் ராஜாவுக்குப் பெருமூச்சுதான். வாழைப்பழம் இருக்கிறதே என்கிறீர்கள், தெரியும். மூன்று வருடம் மூன்று வேளையும் வாழைப்பழமே தின்ற மனிதரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு நாள் கப்பல் வியாபாரி ஒருவன் வந்தான். யாரும் பார்த்திராத ஒரு பழத்தைக் கொண்டுவந்தான். அதன் பெயர் பப்பாளி என்றான். ராஜா ஒரு துண்டை வாயில் வைத்தார். அது தானாகவே கரைந்தது. இன்னொரு துண்டு வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் துண்டுக்குச் சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஆடவே ஆரம்பித்துவிட்டார். கிரீடம் ஒரு பக்கம் போயிற்று, அங்கவஸ்திரம் ஒரு பக்கம் போயிற்று. படைத்தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் தாளம் போட்டார்.

மந்திரி அளந்தபெருமாள் மட்டும் ஆடவில்லை. அவர் எதையும் அளந்து பார்க்கிறவர். சோறு போட்டால் என்ன வேலை நடக்கும், தண்ணீர் விட்டால் எத்தனை காய் வரும், எப்போதும் அதே யோசனை. பழத்தின் விதைகளைப் பொறுக்கி அரண்மனைத் தோட்டத்தில் ஊன்றினார். காலையில் ஏழு குடம், மத்தியானம் ஏழு குடம், மாலையில் ஏழு குடம் என்று தண்ணீர் ஊற்றச் சொன்னார். முளைத்த கன்றெல்லாம் வேர் அழுகிச் செத்தது.

தோலோடு ஒட்டிக்கொண்ட சில விதைகள் குப்பைக்குப் போயின. அரண்மனைக் குப்பையை எருவுக்காகக் கூடையில் அள்ளிப்போகிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் ஆராயி. வீட்டுக் கொல்லையில் சுரைக்காயும் கீரையும் போட்டு, விற்று, அதில்தான் அவள் அடுப்பு எரிந்தது. அந்தக் கொல்லையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

புருஷன் இருந்தான். பெயர் பொன்னுரங்கம். கல்யாண வீடுகளில் வாசலில் நின்று, பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "வாங்க வாங்க" என்பான். அதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். ஊரில் கல்யாணம் இல்லையென்றால் அரச மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் கல்யாணம் செய்துவைப்பான். அதற்கும் ஆள் வராவிட்டால் கொல்லைக் கோழிக்குப் பன்னீர் தெளிப்பான். ஆராயி வாய் ஓயாமல் திட்டுவாள். அவன் வாய் ஓயாமல் சிரிப்பான்.

ஆடி மாதம் கொல்லையில், பாத்திரம் கழுவின தண்ணீர் வழிந்தோடும் மேட்டில், குப்பையோடு வந்த விதையிலிருந்து மூன்று கன்று முளைத்தன. யாரும் கவனிக்கவில்லை, அதனால் நன்றாக வளர்ந்தன. மாசியில் பூத்தன. அடுத்த ஆடியில் இரண்டு மரத்தில் குடம் குடமாகப் பழம். மூன்றாவது மரத்தில் பழம் இல்லை. நீளநீளமாகச் சரம் தொங்கி, சரமெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

"மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமா நிக்கிறான் பாரு!" என்று பொன்னுரங்கம் அதற்கும் பன்னீர் தெளித்தான்.

"நீங்களும் அதுவும் ஒரே ரகம். தின்னுட்டு நிக்கத்தான் தெரியும்" என்றாள் ஆராயி.

நல்ல மனசுக்காரி, முதல் பழத்தை அரண்மனைக்குக் கொண்டுபோனாள். வந்தது வினை! மறுநாள் ராஜாவே கொல்லைக்கு வந்துவிட்டார். கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். பழுத்ததைப் பழமாகத் தின்றார். பழுக்காததைக் கூட்டு வைக்கச் சொன்னார். பிஞ்சைப் பொரியல் செய்யச் சொன்னார். ஆவணி பிறக்கும்போது இரண்டு மரமும் மொட்டையாக நின்றன.

"தை மாசம் என் பிறந்த நட்சத்திரம். அன்னைக்கு இந்த மரத்தடியில ஊருக்கெல்லாம் பப்பாளி விருந்து" என்றார் ராஜா.

மந்திரி தொண்டையைச் செருமினார். "விதை அரண்மனை விதை. அது விளைந்த நிலமும் அரண்மனைக்கே சேர வேண்டும்."

ராஜாவுக்கு யோசிக்கப் பொறுமை இல்லை, பசி. "சரி. தை மாசம் ஊருக்குப் போதுமான பழம் இருந்தா வீடும் கொல்லையும் உனக்கு, ஆராயி. இல்லேன்னா அன்னைக்கே காலி பண்ணு."

மந்திரி மூன்று மரத்தையும் சுற்றி வந்தார். பூச்சரம் தொங்கிய மரத்தைத் தடியால் தட்டினார்.

"இது தண்ணி குடிக்குது, எரு தின்னுது, ஒரு காய் கொடுக்கலை. இதை வெட்டினா மத்த ரெண்டும் ரெண்டு மடங்கு காய்க்கும்."

கணக்கு சரியாகத்தான் பட்டது. ஆராயியே அரிவாளை எடுத்துக் கொடுத்தாள். மந்திரியின் ஆட்கள் போட்டது மூன்றே வெட்டு, மரம் சாய்ந்தது.

பொன்னுரங்கத்துக்கு மட்டும் பொறுக்கவில்லை. விழுந்து கிடந்த மரத்திலிருந்து நீளமான ஒரு பூச்சரத்தை ஒடித்தான். "மாலையும் கழுத்துமா நின்னவன். கல்யாணம் ஆகாமப் போகக் கூடாது" என்று சொல்லி, அடுத்திருந்த மரத்தின் கழுத்தில் சுற்றினான். பன்னீர் தெளித்தான். தானே வாயால் நாயனம் ஊதினான். வெட்ட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? இரண்டு மரமும் பூத்தன, பூத்தன, பூத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் பூவெல்லாம் தரையில் கிடந்தது. ஆராயி சாம்பல் போட்டாள், பூ உதிர்ந்தது. மோர் ஊற்றினாள், உதிர்ந்தது. மீன் கழுவின தண்ணீர் ஊற்றினாள். பூனைகள் வந்தன, காய் வரவில்லை. மாலை சுற்றிய மரத்தில், ஒரே ஒரு பக்கத்தில், மூன்று காய் மட்டும் நின்றது.

தை வந்தது. யானை வந்தது, மேளம் வந்தது, இலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரே வந்தது. ராஜா அண்ணாந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

"மீதியைத் திருடிட்டா!" என்றார் மந்திரி.

ஆராயி அம்மிக்கல்லையும் நான்கு சட்டியையும் ஏற்கெனவே வாசலில் எடுத்து வைத்திருந்தாள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். பொன்னுரங்கமோ மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வீடு போகுது, என்ன சிரிப்பு உங்களுக்கு?"

"இல்ல ஆராயி, நான் மாலை போட்ட இடத்துலதான் மூணும் காய்ச்சிருக்கு. நல்ல கல்யாணம்!"

ஆராயி திரும்பிப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட அடிமரத்தைப் பார்த்தாள். அது சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் ஒரு தளிர் விட்டிருந்தது. தளிரில் ஒரே ஒரு பூச்சரம், அன்று காலையில்தான் விரிந்திருந்தது.

"மகாராஜா," என்றாள், "பதினஞ்சு நாள் கொடுங்க. அதுக்கப்புறமும் போகச் சொன்னா நானே போயிடுறேன்."

அவள் அந்தச் சரத்தைக் கிள்ளினாள். பழமரத்தில் அன்று விரிந்த மூன்று பூவில் அதைத் தொட்டு, மூன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினாள். பக்கத்திலிருந்த மூன்று பூவைத் தொடாமல் விட்டாள்.

ராஜா நகரவில்லை. உரலிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். அரசாங்கமே கொல்லைக்கு வந்தது. வழக்கெல்லாம் சுரைப்பந்தலுக்குக் கீழே நடந்தது. தொடாத பூ ஒன்று உதிர்ந்தது. இரண்டாவதும் உதிர்ந்தது. மூன்றாவது ராஜாவின் கிரீடத்திலேயே விழுந்தது. பதினைந்தாம் நாள், சிவப்பு நூல் கட்டிய மூன்று இடத்திலும் பச்சைப் பச்சையாய் மூன்று பிஞ்சு!

ராஜா உரலை விட்டு ஒரு துள்ளுத் துள்ளினார்.

"பார்த்தீங்களா மகாராஜா?" என்றாள் ஆராயி. "காய்க்காத மரம்னு வெட்டினோம். காய்க்க வச்சதே அதுதான். வெட்டச் சொன்னவர் மந்திரி, அரிவாளைக் கொடுத்தவ நான். ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலை."

மந்திரி விடவில்லை. "இருந்தாலும், தின்றுவிட்டுச் சும்மா நிற்பவர்களை நாடு தாங்குமா, மகாராஜா?"

"வாஸ்தவம்," என்றார் ராஜா. "நானும் ஆடி மாசம் பூரா உரல்ல உட்கார்ந்து தின்னுக்கிட்டேதான் இருந்தேன். என்னை எப்ப வெட்டப் போறீர்?"

மந்திரி தடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முதலில் யானைப்பாகன் சிரித்தான். அப்புறம் படைத்தலைவர் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. பல் இல்லாத வாயைத் திறந்து ராஜா சிரித்த சிரிப்பில் மந்திரியின் தலைப்பாகை பறந்து சுரைப்பந்தலில் மாட்டிக்கொண்டது. கடைசியில் மந்திரியும் சிரித்துவிட்டார், வேறென்ன செய்வார்?

வீடும் கொல்லையும் ஆராயிக்கே என்று ராஜா அங்கேயே பட்டயம் எழுதிக் கொடுத்தார். தளிர் மரமாயிற்று, சரம் சரமாகப் பூத்தது. அடுத்த தையில் ஊரே தின்றும் பழம் மிஞ்சியது. வாசலில் நின்று பொன்னுரங்கம் எல்லோருக்கும் பன்னீர் தெளித்தான், மந்திரிக்கு மட்டும் இரண்டு தடவை. ஆராயி கடைசிப் பந்தி முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, முதல்முறையாக, புருஷன் கையில் அவளே சந்தனம் பூசிவிட்டாள்.

பல் உள்ளவர்களே, பல் இல்லாதவர்களே, கதை சொன்ன நீதி இதுதான்: ஒன்றின் பயன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அதைப் பயனற்றது என்று வெட்டிவிடக் கூடாது.