பாதி கீறிய தகடு

இந்தத் தகட்டிலும் வைரப் பூச்சு அமிலத்தில் உரிந்து வந்தபோது பரஞ்சோதிக்கு அழுகையே வந்துவிட்டது. தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டியான நஸ்ரின் மேடம் வயதில் இளையவர்.

பரஞ்சோதி ஒரு காலத்தில் சாயப்பட்டறை முதலாளி. கழிவை ஊர் வாய்க்காலில் திறந்து விட்டவர். அந்தத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சிச் சாயத்தை எடுக்கத்தான் இந்தத் தகடு. அமிலத்தில் அரித்துப் போகாமல் நின்றுவிட்டால், அடுத்த சோதனை அவருடைய ஊரிலேயே நடக்கும். ஊர்த் தலைவரிடம் அவர்தான் அனுமதி கேட்க வேண்டும்.

“ஏனுங்க மேடம், என் பேரைச் சொல்லாம நடத்திக்கலாமுங்களா? வாய்க்காலைக் கெடுத்தவன்கிற பேரு இன்னும் போகலீங்க.”

மேடம் மேசையிலிருந்த புதுத் தகட்டை எடுத்தார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பூச்சுக்கு முன்னால் ஒரு சின்னக் கீறல்கூட இருக்கக்கூடாது என்று பரஞ்சோதி அப்படித் தேய்த்து வைத்திருந்தார். தேய்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை!

மேடம் அதன் ஒரு பாதியில் வைரத் தூளைப் போட்டு அழுத்தித் தேய்த்தார்.

“ஐயோ, கீறல் விழுதுங்க மேடம்!”

“விழட்டும் சார்.”

பரஞ்சோதி தகட்டைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அந்தத் தகட்டை அப்படியே கலனுக்குள் வைத்துப் பூச்சு ஏற்றினார்கள். பிறகு அமிலத்தில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார்கள். சில நாள் கழித்து வெளியே எடுத்ததும் பரஞ்சோதி ஓடி வந்து பார்த்தார்.

பளபளத்த பாதியில் பூச்சு திட்டுத் திட்டாக உதிர்ந்து, உலோகம் அரித்துக் கிடந்தது. கீறிய பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டார்.

“அப்ப அந்தக் கீறலெல்லாம் மறைஞ்சு போச்சுங்களா மேடம்?”

“எங்கே போகும்? அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் வைரம் நிக்குது.”

பரஞ்சோதி தகட்டைத் துடைத்து வைத்தார். பிறகு ஊர்த் தலைவரைப் போனில் கூப்பிட்டார்.

“வணக்கமுங்க. சாயப்பட்டறை பரஞ்சோதி பேசறனுங்க.”