பொம்மி போட்ட முடிச்சு

கண்ணை மூடிக்கிட்டே கேக்கணும். நடுவுல நடுவுல ம் கொட்டணும். நீ ம் கொட்டலேன்னா பொம்மி பாதி மலையிலயே நின்னுடுவா, பாவம்.

ஒரு ஊர்ல ஒரு பொம்மி இருந்தா. மலையடிவாரத்து ஊரு. பொம்மிக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். எறும்பு வரிசையாப் போனா எங்க போகுதுன்னு பின்னாடியே போவா, இங்க அடுப்புல சோறு கருகும். அவ வீட்டுக்குப் பின்னால ஒரு ஓடை. சலசலசலன்னு ஓடும், எந்தக் கோடைக்கும் வத்தாது. இந்தத் தண்ணி எங்கேருந்து கெளம்புதுன்னு ஊர் பூரா கேட்டுப் பாத்தா. "எங்கேருந்து வந்தா என்ன, குடிக்க நல்லாத்தானே இருக்கு"ன்னுட்டாங்க. பொம்மிக்குத் தூக்கமே புடிக்கல.

அப்புறம் ஒருநாள் புருசன்கிட்ட சொன்னா, "நான் மேல போயி பாத்துட்டு வந்துடறேன்." புருசன் பேரு சடையன். மாடு கன்னு போடற நேரம், அவனால வீட்டை விட்டு நகர முடியல.

"போயிட்டு வா. ஆனா மருந்துப் பை இல்லாமப் போகாத. அங்க விழுந்து கெடந்தா நீதான் உனக்கு வைத்தியரு"ன்னான்.

அப்புறம் பொம்மி பை கட்ட உக்காந்தா. சும்மா கட்டுவாளா? ஒவ்வொண்ணா எடுத்து, "இது எதுக்கு?"ன்னு கேட்டா. முள்வாங்கிய எடுத்தா. "கால்ல முள்ளு ஏறுனா புடுங்க"ன்னான் சடையன். உப்புப் பொட்டலத்தை எடுத்தா. "அட்டை கடிச்சா அது மேல போட." வெல்லக்கட்டிய எடுத்தா. "தலை சுத்துனா வாயில போட." கடைசியில, வெந்நியில அலசிக் காயவெச்சு, நீளமாக் கிழிச்சுச் சுருட்டுன வெள்ளைத் துணி. "ரத்தம் வந்தா அழுத்திக் கட்ட." ரத்தம் வர்ற மாதிரி நான் எதுக்கு விழப்போறேன்னு நெனச்சு, அதை அடியில திணிச்சா. வெல்லத்தை மேல வெச்சுக்கிட்டா, ஆசைதான்.

அப்புறம் பை வாயைக் கட்டினா. பொம்மி முடிச்சுன்னா ஊருக்கே தெரியும். அவ கட்டுன வெறகுக் கட்டை அருவாளால வெட்டித்தான் பிரிக்கணும். அவ கட்டுன கன்னுக்குட்டி, இழுத்துப் பாக்கறதையே விட்டுடும். மழை பூந்துடக் கூடாது, குரங்கு தொறந்துடக் கூடாதுன்னு ஒரு முடிச்சு, அது மேல ஒரு முடிச்சு, அதுக்கும் மேல இன்னொண்ணு. சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவ எங்க கேட்டா, அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டு கெளம்பிட்டா.

எங்க, ம்? ஆங்.

ஓடைக் கரையோரமா ஏறினா, ஏறினா. ஒரு குரங்கு அவளைப் பாத்துடுச்சு. வெல்ல வாசனை. கிளைக்குக் கிளை தொப்பு தொப்புன்னு தாவிக்கிட்டு கூடவே வந்துச்சு. அப்போ சுருக்குன்னு கால்ல முள்ளு. பொம்மி உக்காந்தா, ரெண்டு கையும் பல்லும் போட்டு இழுத்து இழுத்து, நெத்தி வேர்த்து, முடிச்சை அவுத்தா. முள்ளை எடுத்தா. எவ்வளவு கெட்டியாக் கட்டியிருக்கேன் பாருன்னு சந்தோசப்பட்டு, முன்னைவிட இறுக்கிக் கட்டினா. குரங்கு தலையைச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் இன்னும் மேல போனா. காலுல குறுகுறுன்னுச்சு. பாத்தா அட்டை. உப்பை எடுக்க முடிச்சை அவுக்கறா, அவுக்கறா. அவ அவுத்து முடிக்கறதுக்குள்ள அட்டை வயிறு முட்டக் குடிச்சிட்டு, பொத்துன்னு தானே விழுந்து போயிடுச்சு. அப்பவாவது புத்தி வந்துச்சா? மறுபடியும் மூணு முடிச்சு.

அப்புறம் ஒரு பாசி புடிச்ச பாறை. கால் வெச்சா. சர்ர்ருன்னு வழுக்கி, தடால். வலது உள்ளங்கை கல்லுல கிழிஞ்சு குபுகுபுன்னு ரத்தம். சேலை பூரா சேறு, அதை வெச்சுக் கட்ட முடியாது. இடது கையால அழுத்திப் புடிச்சா, நின்னுச்சு. விட்டா கொட்டுது. பை மடியிலயே இருக்கு. அருவாளும் இடுப்புலயே இருக்கு. எடுக்க மூணாவது கைக்கு எங்க போவா?

பொம்மிக்குப் பயம் வந்துடுச்சு. நெசமாவே பயம். சடையா, சடையான்னு கூப்புட்டுப் பாத்தா. ஓடைதான் சலசலன்னுச்சு.

அப்போ எதுத்தாப்புல குரங்கு. பையவே பாக்குது. எடுத்துக்கிட்டு ஓடிட்டா அவ்வளவுதான், ஆனா வேற யாரு இருக்கா? பொம்மி முழங்காலால பையைத் தள்ளி விட்டா. குரங்கு லபக்குன்னு தூக்கிக்கிட்டு மரத்து மேல ஏறிடுச்சு. அது உக்காந்து, குட்டிக்குப் பேன் பாக்கற மாதிரி, நகத்தால நோண்டி நோண்டி ஒரு முடிச்சு அவுத்துச்சு. ரெண்டாவது அவுத்துச்சு. மூணாவதும் அவுந்துச்சு. வெல்லத்தை எடுத்து நறுக் நறுக்குன்னு தின்னுச்சு. தின்னுட்டு கையை நக்கிக்கிட்டு சும்மா இருந்துச்சு.

"இன்னும் உள்ள பாரேன், சாமி"ன்னா பொம்மி.

அதுக்கும் பொம்மி புத்திதான் போல. உள்ள வேற என்ன இருக்குன்னு கைய விட்டுச்சு. உப்பை நக்கி, தூ. முள்வாங்கி கீழ விழுந்துச்சு, டங். துணிச் சுருளை உதறுச்சு. அது சரசரன்னு பிரிஞ்சு நீளமா எறங்கி, பொம்மி மடியிலயே வந்து விழுந்துச்சு. துணியோட சேத்து காயத்தை முழங்கால்ல அழுத்திக்கிட்டு, நுனியைப் பல்லால கடிச்சு, சுத்து சுத்துன்னு சுத்திக் கட்டினா. ரத்தம் நின்னுச்சு. அப்போதான் அழுதா.

ஓடையா? சொல்றேன் இரு. அழுது முடிச்சு கீழ பாத்தா, அவ வழுக்குன பாறைக்கு அடியில வெரல் தடிமனுக்குத் தண்ணி கசியுது. அதுக்கு மேல ஈரமே இல்லை. அதுதான் ஊத்து. அதுல கால வெச்சுத்தான் விழுந்திருக்கா.

அப்புறம் வீட்டுக்கு வந்தா. "எங்கேருந்து வருது?"ன்னான் சடையன். "என் காலுக்கடியிலேருந்து"ன்னா பொம்மி, அவனுக்கு ஒண்ணும் புரியல. கை ஆறுனதும் புதுசா பை கட்டினா. இந்தத் தடவை துணிதான் மேல. வலது கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு, இடது கையால ஒரே இழுப்பு, சர்ர்ருன்னு அவுர்ற சுருக்கு. அவுத்துப் பாத்தா, கட்டினா, கண்ணை மூடிக்கிட்டு அவுத்துப் பாத்தா.

"இது குரங்குக்கும் சுலபமாச்சே"ன்னான் சடையன்.

"அதுக்குத்தான் வெல்லம் ரெண்டு கட்டி வெச்சிருக்கேன்"ன்னா பொம்மி.

ம் வரலியே. சரி, கதையும் அவுந்தாச்சு, பையும் கட்டியாச்சு. தூங்கு, கண்ணு.