ஹீரோவுக்கு வெயில் ஆகாது

உலகமே பார்க்கிற ஒரு கார் நிகழ்ச்சியைத் தமிழில் எடுக்கும் உரிமை வெண்சங்கு டிவிக்குக் கிடைத்தது. நிகழ்ச்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. புதுக் காரை வேகமாக ஓட்டிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வார்கள். இதை யாராலும் கெடுக்க முடியாது என்று நிர்வாகம் நம்பியது. பாவம், இயக்குநர் குணாளனை அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒரே ஒரு கட்டளை அனுப்பியது: "கார்தான் ஹீரோ. உங்கள் ஊரில் ஹீரோவை எப்படி நடத்துவீர்களோ, அப்படியே நடத்துங்கள்." வெள்ளிக்கிழமை அவர்களுடைய அதிகாரி டோரிஸ் அம்மையார் வருவார். அவர் கண்ணெதிரே கார் ஒரு சுற்று ஓடவில்லையென்றால் உரிமை போட்டி சேனலுக்குப் போய்விடும். குணாளனின் வேலையும் கூடவே போகும்.

குணாளன் கோடம்பாக்கத்திலேயே ஊறியவர். ஹீரோவை நடத்த அவருக்கா சொல்லித்தர வேண்டும்? படப்பிடிப்புக்குப் பிடித்திருந்த பழைய விமான ஓடுதளத்தின் வாசலில் காருக்கு வானுயரக் கட்அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்துவிட்டுத்தான் கேமராவையே திறந்தார்.

தொகுப்பாளர் மேகவர்ணன் ஒத்திகைக்குச் சாவியை எடுத்தார். ஸ்டண்ட் மாஸ்டர் துரைக்கண்ணு பதறிவிட்டார்.

"என்ன தம்பி, ஹீரோவையே ஸ்பீடா ஓட விடுறீங்க? மூஞ்சில ஒரு கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அப்ப யாரு மாஸ்டர் ஓடுறது?"

"டூப்பு!"

சிவப்புக் காருக்கு டூப்பாக ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள்.

"ஒரு சக்கரம் கொறையுதே மாஸ்டர்?"

"லாங் ஷாட்ல தெரியாது."

டூப் முதல் வளைவிலேயே குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டியவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லவேளை, நம்ம ஹீரோ போகல" என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை டோரிஸ் அம்மையார் வந்தார். கார் எங்கே என்று கேட்டார்.

"கேரவன்ல ரெஸ்ட் எடுக்கறாருங்க" என்றார் குணாளன், பயபக்தியோடு.

லாரி அளவு கேரவன். உள்ளே ஏசி. பானெட் மேல் இளநீர், அதில் ஸ்ட்ரா. கூரைக்கு அடியிலும் ஒருவர் காருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அம்மையார் சிவந்துபோனார். இப்போதே கார் ஓடியாக வேண்டும் என்றார்.

குணாளன் மேகவர்ணனையும் துரைக்கண்ணுவையும் ஓரமாக இழுத்துப் போனார். மூவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள்.

"வெயில்ல இறக்குனா கலர் போயிடுமே சார்!" என்றார் துரைக்கண்ணு.

"இறக்க வேணாம். கேரவனை ஓட்டு!" என்றார் குணாளன்.

கேரவன் ஆடி அசைந்து ஒரு சுற்று வந்தது. மேகவர்ணன் கேமராவைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டார்: "நேயர்களே, முழுச் சுற்றும் முடிஞ்சுது. காருக்கு ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகல. இப்படி ஒரு மைலேஜ நான் பார்த்ததே இல்ல!"

டோரிஸ் அம்மையார் அங்கேயே போட்டி சேனலுக்குப் போன் போட்டு உரிமையைக் கொடுத்துவிட்டார். காரும் அவர்களுக்கே என்றார்.

குணாளனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்து, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"ஹீரோகிட்ட பேசிட்டேன். நாம இல்லாத சேனல்ல நடிக்கவே மாட்டாராம்!"