இருபத்திரண்டாவது எலக்ட்ரோடு

மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் அறை அது. குரு ஒருத்தி, சீடர்கள் மூவர். குரு மெஹருன்னிசா மேடம். சீடர்களில் வினோதினி பாடத்தில் முதலாவது, கொளஞ்சி கடைசிக்குப் பக்கத்தில். ரஞ்சிதா வந்து பத்து நாள்தான் ஆகிறது.

மூன்று நாளாகத் தலை நிறைய ஒயரோடு படுத்திருந்தாள் நோயாளி தேன்மொழி. பதிவு முடிந்து, ஒயர்களைக் கழற்ற மேடம் அனுப்பியது கொளஞ்சியை.

வினோதினிக்கு வயிறு எரிந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

அவன் தேன்மொழியின் கண்களை ஈரத்துணியால் மூடினான். மருந்தில் நனைத்த பஞ்சை, ஒயர் நுனியில் தலையோடு ஒட்டியிருந்த ஓர் எலக்ட்ரோடின்மேல் ஒற்றிக்கொண்டு சும்மா நின்றான். பசை தானாக இளகும்வரை நின்றான். பிறகு அடுத்தது. ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் வினோதினியால் தாங்க முடியவில்லை.

நேரே மேடத்திடம் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்காம இருப்பியா?"

"இருபத்தொண்ணையும் நான் ஆறு நிமிஷத்துல கழட்டுவேன். அவனுக்கு முக்கால் மணி நேரம். போன மாசம் இதே தேன்மொழிக்கு நான்தான் கழட்டினேன், ஒரு ஒயர் அறுந்துச்சா? ரஞ்சிதாவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன், என் வேகம் அப்படியே வந்திருக்கு. இன்னைக்கு எதுக்கு அவன்? ஆம்பளைங்கிறதாலயா?"

"அது வேறயா," என்றார் மேடம். "உட்காரு."

வினோதினியின் முடியை வகிர்ந்தார். உச்சந்தலையில் ஓர் எலக்ட்ரோடை வைத்து, பசை தடவி, உலர்த்தினார். ஒயரைச் சுருட்டிக் கொண்டையில் செருகினார்.

"போய் வேலையைப் பாரு. சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்கலாம்."

திரும்பும்போதெல்லாம் முடி சுண்டி இழுத்தது. குனிந்தால் இன்னும் வலித்தது. வாதம் மட்டும் குறையவில்லை, மனசுக்குள்ளேயே அவனோடு சண்டை போட்டாள்.

ஒரு மணிக்கு மேடம் வந்தார். கொளஞ்சி வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"எடுத்துடலாமா?"

"நானே எடுத்துக்கிறேன்."

"உன் உச்சந்தலை உன் கண்ணுக்குத் தெரியுமா?"

"அப்ப நீங்க எடுங்க."

"எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு. கொளஞ்சி இருக்கான். ரஞ்சிதாவும் சும்மாதான் இருக்கா, நீ பழக்கின கை. ஒண்ணுக்குப் பதினேழு செகண்டு. யாரைக் கூப்பிடட்டும்?"

வினோதினியின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. குழாய்த் தண்ணீர் நின்றது. கொளஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் அவன்மேல் எரிச்சல் வந்தது.

யாருக்கோ வந்த கடிதத்தை வாசிப்பவள்போல, "கொளஞ்சி," என்றாள்.

மேடம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காலையில தேன்மொழிகிட்ட கேட்டேன். அவளும் இந்தப் பேரைத்தான் சொன்னா."