வலது கன்னத்து மச்சம்

காலை மேல போடாதடி, அத்தைக்கு வலிக்குது. ம், கேளு.

ஒரு ஊர்ல, துறைமுகத்துப் பக்கம், பிலோமின்னு ஒருத்தி. பெட்டியில பிளாஸ்டிக் துண்டு துண்டா வரும்ல, அதை ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, குட்டிக் கப்பல் செய்வா. அப்போ அவ புருஷன் சூசை நிஜக் கப்பல்ல வேலைக்குப் போயிருந்தான். அவ அந்தக் கப்பலையே செஞ்சா. தளத்துல அரிசி உசரத்துக்கு ஒரு சூசை, வலது கன்னத்துல ஊசிமுனையால ஒரு மச்சம்.

ம் சொல்லு. தூங்கிட்டியா?

அப்புறம், பெயிண்ட் காய்ஞ்சதும் மேல வார்னிஷ் அடிக்கணும். அதுக்கு மேலதான் துரு, கறையெல்லாம் பூசிப் பழசாக்கணும். தப்பாப் போனாலும் கறையை மட்டும் துடைச்சுக்கலாம், பெயிண்ட் தப்பிச்சுக்கும். ஆனா மழைக்காலம், வார்னிஷ் லேசுல காயாது. அவசரக்குடுக்கை, அதை அடிக்காமலே துருவைப் பூசிட்டா.

டிரிங் டிரிங்! போன்ல சூசை. "பிலோமி, நங்கூரத்துக்குக் கீழ திடீர்னு துரு ஒழுகுது."

இவ சிரிச்சா. அப்புறம் தளத்துல வெள்ளையா உப்புக்கறை வச்சா. டிரிங் டிரிங்! "பிலோமி, தளமெல்லாம் உப்புப் பூத்துக்கிடக்கு."

"கடல்ல உப்புப் பூக்காம மல்லியா பூக்கும்?"ன்னா. சொல்லிக்கிட்டே கப்பல் வயித்துல கருந்துருவை அப்புனா. டிரிங்... "அடியில பொத்துக்கிச்சு! தண்ணி ஏறு..." பொட்டுன்னு போன் கட்டாயிடுச்சு.

அப்போதான் அவளுக்கு உறைச்சது. ஐயோன்னு பஞ்சை, பெயிண்டைக் கரைக்கிற தின்னர்ல முக்கி, சரக் சரக்னு துடைச்சா. துரு போச்சு. கூடவே நீலப் பெயிண்டும் போச்சு. அரிசி சூசையோட முகமும் மச்சமும் பஞ்சோட வந்துடுச்சு.

கப்பல் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. சூசையும் இறங்குனான். கன்னத்துல மச்சம் இல்ல.

"யாருங்க நீங்க?"ன்னு பொண்டாட்டியையே கேட்டான்.

பாவம், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடி, மறுபடி முகத்தை வரைஞ்சு, மச்சம் வச்சு, இந்தத் தடவை மறக்காம வார்னிஷும் அடிச்சா. புஸ்ஸ்ஸ்.

வாசல்ல செருப்புச் சத்தம். "பிலோமி, என்ன குழம்பு?"

சந்தோஷத்துல ஓடிப் போய் இலை போட்டா. அப்புறந்தான் நிமிர்ந்து பார்த்தா. மச்சம் இடது கன்னத்துல இருக்கு. பொம்மை எதிர்ல நின்னா அதோட வலது நம்மளுக்கு இடதுல்ல? பதட்டத்துல மாத்தி வச்சுட்டா.

என்ன? துடைச்சுட்டு மறுபடி வரையலாமா? மச்சம் இப்போ வார்னிஷுக்கு அடியில, அதைத் துடைச்சா வார்னிஷோட முகமும் போயிரும். மறுபடியும் "யாருங்க"ன்னு கேட்டு, அப்புறம் திரும்பாமலே போயிட்டா?

சூசை உக்காந்தான். சோத்தை இடது கையால பிசைஞ்சான்.

பிலோமி இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துனா.

கதைக்கு வார்னிஷ் அடிச்சாச்சு, இனி தொடக்கூடாது. கண்ணை மூடு.