வலை போட்ட டிராம்போலின்

முதலாளி நல்லசிவம் சேலத்தில் இருந்தார். ஏற்காட்டில் அவருடைய பங்களாவைத் தோட்டக்காரி பவுனம்மாள் ஒற்றை ஆளாகக் காத்துவந்தாள். அவர் வராத நாட்களில் அங்கே அவளைத் தவிர மனித வாடையே கிடையாது.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரப்போவதால் முதலாளி முன்கூட்டியே ஏற்காட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாடும் டிராம்போலின் ஒன்றை அவர் பார்த்து வாங்குவதற்காக, கடைக்காரர் இரண்டைப் புல்வெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்றைச் சுற்றி வலை இருந்தது, மற்றது மொட்டை.

"வலை போட்டது கோழிக்கூண்டு மாதிரி இருக்கு. மொட்டையே போதும்," என்றார் நல்லசிவம்.

"புள்ளைங்க தவறி விழுந்துருமுங்க," என்றாள் பவுனம்மாள்.

"எனக்கே புத்தி சொல்றியா? ஒரு புள்ளையும் ஏறாம, ஒண்ணும் உடையாம நிரூபி, பார்ப்போம்!"

பவுனம்மாள் கை நீட்டினாள். "உங்க செல்போனைக் குடுங்க. மொட்டையில வச்சு, நானும் மேல ஏறி அது பக்கத்துல நின்னு நாலு குதி குதிக்கிறேன்."

அவர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "வெளியில தெறிச்சு விழுந்தா? குதிச்சே ஆகணும்னா அந்த வலைக்குள்ள குதி!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். முகம் சிவந்த முதலாளி வலை போட்டதையே வாங்கினார்.

பிள்ளைகள் பத்து நாள் ஆடிவிட்டு, ஒரு கீறலும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். முதலாளியும் பங்களாவைப் பூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனார். மறுநாள் சருகு பெருக்க டிராம்போலினில் ஏறிய பவுனம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். பார்த்துச் சிரிக்க யாருமில்லை. அவளே சிரித்துக்கொண்டாள்.